ஜோர்டானில் இப்போது மணி என்ன: கோவளம் போன வழியில்

ஆமாம், பஸ்ஸில்தான் போனோம். காரில் போனால் அம்மாவுக்கு அது கோவளமே இல்லை. நாங்கள் பள்ளியில் படித்த காலம் முழுக்க, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இதே வழி. ஜன்னல் சீட்டு எப்போதும் ஜெசி அக்காவுக்கு. அவள் இப்போது ஜோர்டானில் நர்ஸ். மூன்று டிசம்பராக ஊருக்கு வரவில்லை. அங்கே காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம் பிரேக். அப்போது கடலைக் காட்டச் சொல்லியிருந்தாள்.

தாம்பரத்தில் பதினொரு மணிக்கு ஏறினோம். வண்டலூர் தாண்டியதும் காற்று. கேளம்பாக்கத்தில் இறங்கும்போது 12:05.

"ஒண்ணரைக்குத்தான் அவளுக்குப் பத்து. சாப்பிட்டே போலாம்," என்று அம்மா தன் பழைய போனைக் காட்டினாள். ஜோர்டான் 8:35. என் போனில் 9:35.

"உன்னுதுதான் தப்பு. இதப் பாத்துதான் எப்பவும் கூப்பிடுறேன். வெயில் காலத்துல உடனே எடுப்பா. டிசம்பர் வந்தா எடுக்கவே மாட்டா." போனைப் பைக்குள் போட்டாள். "பண்டிகை நாள்ல நம்ம மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையோ என்னவோ."

குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் வழக்கத்தை ஜோர்டான் 2022இல் விட்டுவிட்டது. நாடுகளின் நேர விதிகள் போனுக்குள்ளேயே இருக்கும். அப்டேட் வந்தால்தான் மாறும். அம்மாவின் போனுக்கு அப்டேட் நின்று வெகுநாள். அதற்குள் இன்னும் பழைய ஜோர்டான். இதைச் சொன்னதும் அம்மா சாப்பாட்டை மறந்து ஆட்டோவைத் தேடினாள்.

ஷேர் ஆட்டோ. ஆளுக்கு இருபது ரூபாய், ஐந்து கிலோமீட்டர்.

"அண்ணா, சீக்கிரம் எடுங்க."

"இன்னும் ரெண்டு பேர் வரணும்மா. இன்னாத்துக்கு பேஜார்? கடல் எங்கயும் பூடாது."

"கடல் இருக்கும்ப்பா. என் பொண்ணு டூட்டிக்குப் போயிடுவா," என்று அம்மா என் போனை வாங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த இரண்டு சீட்டுக்கும் நானே கொடுத்தேன்.

12:33. படகுகள், மீன் கூடைகள், கண் கூசும் மணல். முதல் ரிங்கிலேயே அக்கா எடுத்தாள்.

"அதிசயம்! டிசம்பர்ல எப்பவும் நான் வார்டுக்குள்ள போனப்புறம்தானம்மா கூப்பிடுவ? சமையல்ல இருப்பியோன்னு நெனச்சுக்குவேன்."

அம்மா போனைத் திருப்பி அலையைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

"கடல் போதும்மா. உன் மூஞ்சியக் காட்டு."

போகிறவர்களுக்கு: நண்பகலில் நிழல் கிடையாது, குடை வேண்டும். வெளிநாட்டில் ஆள் இருப்பவர்களுக்கு: அங்கே மணி என்ன என்று அவர்களிடமே கேளுங்கள், கோடையில் ஒருமுறை, குளிரில் ஒருமுறை. பழைய போன் பாதி வருடம் சரியாகவே காட்டும். அதனால்தான் சந்தேகமே வருவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் போனில் ஜோர்டானை எடுத்துவிட்டு ரியாத்தை வைத்தேன். இப்போது இரண்டு ஊருக்கும் ஒரே மணி. ரியாத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

"அவ அங்க இல்லியே," என்றாள் அம்மா.

போனின் பின்பக்கம் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, 'ரியாத் என்றால் ஜெசி' என்று எழுதினேன்.