அமலாக்கா கேட்ட ஸ்டெம் செல்

கழுவித் துடைத்த டானிக் பாட்டில் ஒன்றை அமலாக்கா என் மேசைமேல் வைத்தார். "மேடம், இதுல கொஞ்சூண்டு ஊத்திக் குடுங்க. நீங்க வளக்குறீங்களே, அந்த ஸ்டெம் செல்லு. எங்க வூட்டுக்காரருக்கு."

சேலையூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் சீனியர் டெக்னீஷியன். செல் வளர்ப்பதுதான் வேலை. அமலாக்கா எங்களுக்குக் கண்ணாடிச் சாமான் கழுவித் தருபவர். அவர் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய். இப்போதே ஆபரேஷன் செய்தால் கட்டியை எடுத்துவிடலாம் என்று அரசு மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தார்கள்.

"தேதி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன் மேடம். வயித்த அறுக்காம ஊசியிலயே சரி பண்ணிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. நம்ம பெரிய சாரும் வர்றவங்க கிட்டல்லாம் அதத்தானே சொல்லிக்கினு கீறாரு, அது உடம்ப ரிப்பேர் பண்ணும்னு?"

எங்கள் டைரக்டர் சொல்வது பாதிதான். மீதியைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. செல்லை வைக்கிற இன்குபேட்டரைச் சாத்திவிட்டு, சாத்தினேனா என்று மறுபடி இழுத்துப் பார்க்கிற ரகம். இந்த அம்மா என்னடாவென்றால் ஆபரேஷன் தேதியையே விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

கையைப் பிடித்து மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்தேன். முதல் டிஷ்ஷில், அதாவது செல் வளர்க்கும் வட்டத் தட்டில், இரைப்பைப் புற்றுநோய் செல், சாதாரண மீடியத்தில். இரண்டாவதிலும் அதே செல்தான். ஆனால் அதற்கு ஊற்றியது, எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் வளர்ந்த மீடியம். அதாவது அந்த ஸ்டெம் செல் இருந்து வளர்ந்த தீனித் தண்ணீர்.

"ரெண்டாவதுல நெறைய கீதே மேடம்."

"அதான்க்கா. ஸ்டெம் செல்லு புண்ணை ஆத்துற செல்லுதான். ஆனா கட்டியும் ஆறாத புண்ணு மாதிரி ஆள் கூப்பிடும். இது ஒத்தாசைக்குப் போகும். போன எடத்துல கட்டி இதை வளைச்சுப் போட்டுக்கும். அப்புறம் இது விடுற சத்துல கட்டிதான் வளரும்."

"அப்போ அவரு வயித்துல இப்பவே இது கீதா?"

"இருக்கலாம். எனக்குத் தெரியாதுக்கா. நான் பாத்தது டிஷ்ஷுலதான். ஆனா எடுத்துரலாம்னு டாக்டர் சொல்றப்பவே எடுத்துரணும். அது நல்லாத் தெரியும்."

அமலாக்கா அழுதுவிட்டார். விட்ட தேதி திரும்பக் கிடைக்குமா என்று எனக்குக் கவலை. அன்றே லீவு போட்டு, தாம்பரத்தில் ரயிலேறி, இருவரும் சர்ஜன் முன் போய் நின்றோம். "விளையாட்டா இருக்காம்மா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் வேறு தேதி போட்டார். ஆபரேஷன் நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. டிஷ்ஷில் செல் கூடியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரின் வயிறுதான் நினைவுக்கு வந்தது.

ஆபரேஷனில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது வேறெங்கும் பரவியிருக்கவில்லை. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். கீமோ இன்னும் நடக்கிறது. அடுத்த ஸ்கேன்வரை எங்கள் இருவருக்கும் நிம்மதி கிடையாது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு செல் நல்லது செய்யும் என்று சொன்னால், எங்கே கெடுக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். யார் அதை நம்பி என்ன முடிவெடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

போன வாரம் அமலாக்கா பிளாஸ்க் கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னும் அதை வளத்துக்கினுதான் கீறீங்களா மேடம்?"

"வளத்தாத்தான்க்கா அது கட்டிக்குத் தீனி போடுறதை எப்படித் தடுக்குறதுன்னு தெரியும்."

"சீக்கிரம் தெரிஞ்சிக்கங்க மேடம்," என்றார்.