தலைகீழாகத் தொங்கிய கோயில்

பெருங்களத்தூர் சிக்னலில் பேருந்து நின்றால், இன்றைக்கும் என் கண் சும்மா இருக்காது. புது அடுக்குமாடிகளின் ஓரங்களை மட்டும் ஒட்டிக்கொண்டே போகும். சுவரை விட்டுவிடும், வண்ணத்தை விட்டுவிடும். ஒரு கோடு, அதன் முனையிலிருந்து இன்னொரு கோடு. இந்தப் பழக்கம் அக்காவால் வந்தது.

அக்கா அப்போது பிளஸ் டூ எழுதிவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடியறைக் கம்ப்யூட்டர் சென்டருக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். நான் ஆறாம் வகுப்பு. அப்பா கணக்கு வாத்தியார். மூத்த மகள் ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவருடைய இரவு ஜெபத்தில் தினமும் வரும். அக்காவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே வரும். அக்காவுக்கோ கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும். “கோடு போடறதுக்கு ஒரு டிகிரியா?” என்பார் அப்பா. பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். ஃபாரத்தை அப்பாவே வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வந்திருந்தார். அதற்கு முந்தின ஞாயிறு, எங்கள் கோயிலின் பிரதிஷ்டை பண்டிகை. தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.

சபைக்கென்று ஒரு வலைப்பக்கம் செய்து, அதில் நம் கோயில் கோடு கோடாக எழும்புவதைப் பண்டிகையன்று காட்டிவிட்டால் அப்பா மனம் மாறிவிடும் என்பது அக்காவின் திட்டம். பாஸ்டரும் சரி என்றார்.

படம் என் பொறுப்பு. எதிர்ப்புறம் நின்று கிராஃப் தாளில் வரைந்தேன்: வாசல், கூரைச் சரிவு, மணிக்கூண்டு, உச்சியில் சிலுவை. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்கள். இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி, தரையிலிருந்து எவ்வளவு உயரம். அப்பா சொல்லிக்கொடுத்த முறை. அக்கா அதையெல்லாம் ஜாவா மொழியில் நோட்டில் எழுதிக்கொண்டாள்: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு.

“உள்ள கலர் அடிக்க மாட்டியா?”

“வேணாம்டி. பாக்கறவங்களே அடிச்சிக்குவாங்க.”

சென்டரில் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அவளுக்கு மெஷின். சனிக்கிழமை எல்லாம் அடித்து முடித்து, பிழை ஒன்றுமில்லை என்று திரை சொன்ன நிமிடத்தில், அடுத்த பேட்ச் பெண் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். படத்தைப் பார்க்காமலே அக்கா வீடு திரும்பினாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜனம் பிரியாணி வாசனையை விட்டுவிட்டுப் பாரிஷ் ஹாலில் நெருக்கியடித்தது. சென்டர் நடத்துகிற அண்ணா, தன் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அப்பா கடைசி வரிசையில் நின்றார்.

கோடுகள் வந்தன. அழகாகத்தான் வந்தன. வாசல் உச்சியில் இருந்தது. அதற்குக் கீழே கூரை, அதற்கும் கீழே மணிக்கூண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் தலைகுப்புறச் சிலுவை.

“என்னம்மா, நம்ம கோயில் வவ்வாலு மாதிரி தொங்குது!” என்றார் பாடகர் குழு அங்கிள். ஹால் அதிர்ந்தது. ஓர் ஆன்ட்டி மட்டும் சிலுவையைப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “பேதுருவையே தலைகீழாத்தான் சிலுவையில அறைஞ்சாங்க, விடுங்க” என்று பாஸ்டர் சமாளித்ததில் சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. அக்காவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

கூட்டம் விலகியது. அப்பா வந்தார். என் கையிலிருந்த கிராஃப் தாளை வாங்கினார். தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது எங்கேர்ந்து எண்ணுது?”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “மேலேர்ந்துபா. ஸ்கிரீன்ல சைபர் உச்சியில. கீழ வர வரத்தான் நம்பர் ஏறும். மறந்தே போச்சு.”

“இருபது வருஷமா மேல போனா ஏறும்னு சொல்லிட்டிருக்கேனே நான்.” அப்பாவின் மீசை அசைந்தது. “மொத்த உயரம் எவ்ளோ?”

“முந்நூறு.”

“அப்போ எல்லாத்தையும் முந்நூத்துலேர்ந்து கழி.”

சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து, வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் கிராஃப் தாளைத் திரும்ப வாங்கி உயரங்களைப் படித்தேன். அப்பா கழித்து எழுதிச் சொன்னார். அக்கா அடித்தாள்.

“இருநூத்தி எம்பது.”

“இருபது.”

“இருநூத்தி நாப்பது.”

“அறுபது சார்!” என்று பாடகர் குழு அங்கிள் முந்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஹாலே கழித்தது. முக்காடு போட்ட ஆன்ட்டி ஒரு தடவை தப்பாகச் சொல்லி, தானே திருத்திக்கொண்டார்.

தாளின் பின்பக்கம் நிரம்பிவிட்டது. அப்பா திருப்பினார். முன்பக்கம் கட்டம் கட்டமாக அச்சடித்த ஆசிரியர் பயிற்சி விண்ணப்பம். கட்டங்களில் அக்காவின் பெயர், அப்பாவின் குண்டு எழுத்தில். அதன் மேலேயே அவர் கழித்தல் போட ஆரம்பித்தார்.

“அப்பா, இது அக்காவோட ஃபாரம்” என்றேன் காதோரம்.

“அடுத்தது படி.”

கடைசி எண்ணையும் அடித்து முடித்ததும் கோயில் நிமிர்ந்தது. தரையில் வாசல், வானத்தில் சிலுவை, நடுவில் வெறும் வெளிச்சம். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முழங்காலில் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கும் அழுகை வந்தது. விடிந்தால் கடைசி நாள். இன்னொரு ஃபாரம் வாங்க அப்பா அந்த வெயிலில் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டுமே.