சங்கத்து மெஷினில் என் அரை நாள் வேலை

கட்டாரில் ஏழு வருடம் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டுக் கற்பிட்டிக்குத் திரும்பியவன் நான். அங்கே நான் செய்தது பெரும்பாலும் அச்சுப்பொறிகளுக்கு மை மாற்றுவதுதான். ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். எந்தப் போட் கடலில் நிற்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது என்பதை வீட்டிலிருப்பவர்கள் போனில் பார்க்க ஓர் இணையத்தளம் செய்துதர முடியுமா என்று கேட்டார்.

"அரை நாள் வேலை நானா" என்றேன். மூத்தவர்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

சங்கத்தில் ஒரு பழைய சேர்வர் இருந்தது. கொழும்பில் யாரோ கழித்துக் கொடுத்தது. அதில் ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தை அதைச் செய்தவர்களே கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் நாள் தவறாமல் அது ஒரு வேலை செய்தது. பின்னேரம் புறப்படும் போட்களில் யார் யார் போகிறார்கள் என்ற பட்டியலை அச்சடித்துத் தரும். அந்தத் தாள் இல்லாமல் சங்கம் எந்தப் போட்டையும் இறக்க விடாது. பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் சங்கத்து எழுதுவினைஞர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பெண், என்னைவிட மூத்தவர். அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவோம்.

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். தளம் கட்ட நான் தேர்ந்தது ஜாங்கோ என்ற ஆயத்தச் சட்டகம். அது பைதன் என்ற கணினி மொழியின் புதிய பதிப்பில்தான் ஓடும். சேர்வரில் இருந்ததோ பழையது. புதியதைப் பக்கத்தில் தனியாக வை, பழையதைத் தொடாதே என்று நான் வாசித்த இடமெல்லாம் எழுதியிருந்தது. தனியாக வைத்தால் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் கூடுதலாகத் தட்டவேண்டும். அந்த ஒரு தட்டலை மிச்சம் பிடிப்பதற்காக, பைதன் என்று யார் கூப்பிட்டாலும் இனிப் புதியதே வரட்டும் என்று மாற்றிவிட்டேன்.

பதினொரு மணிக்குத் திரையில் ஜாங்கோவின் வரவேற்புப் பக்கம் வந்தது. அதில் ஒரு ராக்கெட் படம் இருக்கும். செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ராக்கெட் எதற்கு, போட் படம் கிடைக்கவில்லையா என்று கேட்டார். அதெல்லாம் பிறகு மாற்றலாம் என்றேன். பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பாணும் வந்தன. கதிரையில் சாய்ந்து இரண்டு பாண் சாப்பிட்டேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது ராத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியல் திறக்கவில்லை. பட்டியலை அச்சடிக்கும் நிரல் பழைய பைதனில் எழுதப்பட்டது என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. புதிய மென்பொருள் இறக்கித் தரும் லினக்ஸின் சொந்தக் கட்டளையும் அதே மொழியில்தான் எழுதப்பட்டது, அதுவும் படுத்துவிட்டது. மாற்றியவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. மெஷின் கிழடு, எப்போதோ விழவேண்டியது என்று சொன்னேன்.

பிறகு இரண்டு மணிநேரம் கையில் வந்த கட்டளைகளையெல்லாம் தட்டினேன். காலையில் மாற்றியதைப் பழையபடி திருப்பிவைப்பதை மட்டும் தவிர்த்தேன். திருப்பியதும் எல்லாம் சரியாகிவிட்டால், பிழை யாருடையது என்பது தெரிந்துவிடுமே.

மூன்று மணிக்குப் போட்களில் போகும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ராத்தா ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டு, போட் போட்டாகப் பெயர்களை நினைவிலிருந்தே எழுதித் தாள்களைக் கிழித்துத் தந்தார். கூட்டம் கூடியதும் எனக்கும் ஒரு பேனை தந்து பெயர்களைச் சொன்னார். ஏழு வருடமாகக் கையால் எழுதாத எனக்கு எழுத்து நண்டு ஓடியதுபோல வந்தது. ஒருவர் தன் தாளைத் திருப்பித் தந்து, இதை வாசித்தால் வருவது தன் வாப்பாவின் பெயர், அவர் மௌத்தாகி அடக்கிப் பத்து வருடம் என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் ராத்தா பேனையை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, காலையில இது வேல செஞ்சிச்சு தானே?"

"ஓம் ராத்தா."

"அப்ப நீங்க என்னத்த மாத்தினீங்களோ, அதத் திருப்பி மாத்தேலாதா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. நான்தான் மாற்றினேன் என்று சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். ஒரே ஒரு வரி தட்டினேன். பட்டியல் திறந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

செயலாளரிடமும் போய்ச் சொன்னேன். அவர், ராக்கெட் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். புதிய பைதனைத் தனி அடைவில் வைத்து, பழைய மெஷின் தாங்கக்கூடிய ஜாங்கோவைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு படியையும் ராத்தாவிடம் கேட்டுக்கொண்டு முடிக்க இன்னும் ஆறு நாள் பிடித்தது.

தளம் திறந்து இரண்டாம் நாள் பக்கத்து ஆலங்குடாவிலிருந்து ஒரு பெண் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கணவரின் போட் கரைக்கு வந்ததைப் போனில் பார்த்துவிட்டுத்தான் சோறு வைத்தாராம். போனை எடுத்த ராத்தாவுக்கு நன்றி சொன்னார். ராத்தா, தான் இல்லை, செய்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்று என்னைப் பற்றிச் சொன்னார். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் பதில் எனக்கும் கேட்டது.

"ஆரு, அண்டைக்கு மெஷின உடைச்சவரா?"

ராத்தா போனை என் பக்கம் நீட்டினார். ஓம், நான்தான் என்று சொல்லி, சோறு வெந்துவிட்டதா என்று கேட்டேன்.