மூன்றாம் வரிசையில் ஏசி மெக்கானிக்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெருவில் பாதிப்பேர் அவரை ஏசி என்றே கூப்பிடுகிறார்கள். இருபத்தாறு வருடமாக ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார். மற்ற ஆண்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பது போல இவர் டெஸ்டர் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நலம் விசாரிப்பது ஃப்ரிட்ஜைத்தான். அதன்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, அரை நிமிடம் நின்றுவிட்டுப் பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்புவார். அவருக்கு மகள் பிறந்தபோது நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா இந்த மாதிரி சத்தம் போடுது?" என்றார். அவர் கேட்டது சுவரில் இருந்த ஏசியைப் பற்றி. "பொறந்தே இருபது நிமிஷம்தான் சார் ஆச்சு," என்றாள் நர்ஸ். அக்கா இதை மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

அக்கா ஒரு பல் டாக்டரின் க்ளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு மாலை பாடகர் குழு ஒன்றில் பாடுகிறாள். முப்பது பேர் கொண்ட குழு; வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். அக்காவுக்குக் கீழ்க்குரல். பதினோரு வருடமாகப் பாடியும் அவள் குரலைத் தனியாக யாரும் கேட்டதில்லை. "கீழ்க்குரல்னா அப்படித்தான். இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது, இல்லாட்டி எல்லாருக்கும் தெரியும்," என்பாள்.

வருடத்துக்கு ஒருமுறை இசை விழா. பதினோரு விழாவுக்கும் மாமா போயிருக்கிறார். ஒன்றில்கூடக் கடைசி வரை இருந்ததில்லை. ஒரு வருடம் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர், ஒரு வருடம் பூக்கடைக் குளிர் அறை, ஒரு வருடம் பிணவறை. போன் வரும், இவர் குனிந்தபடி நழுவுவார். பிணவறை வருடத்தில் மட்டும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் அவளுக்குத் தனியாகப் பாட எட்டு வரி கிடைத்தது. விழாவுக்கென்றே புதிதாக எழுதப்பட்ட ஒரு பாடலின் முடிவில் மற்ற இருபத்தொன்பது பேரும் நிறுத்திவிட, அவள் மட்டும் ஒன்றரை நிமிடம் பாட வேண்டும். வீட்டில் அதை ஒருநாளும் முணுமுணுக்கக்கூட இல்லை. க்ளினிக் மூடிய பிறகு பல் பிடுங்குகிற நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாடிப் பழகினாளாம். மாமா முதல்முதலாக மேடையில்தான் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"வந்தா மட்டும் போதாதுங்க," என்றாள் விழாவுக்கு முதல்நாள் சாப்பிடும்போது. "கடைசி வரைக்கும் உக்காந்திருக்கணும். இந்தத் தடவையும் எந்திரிச்சுப் போனீங்கன்னா சண்டையெல்லாம் போட மாட்டேன். இனிமே கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான்."

அக்கா கத்தினால் பயமில்லை. அமைதியாகச் சொன்னால் சொன்னதுதான். மாமாவுக்கு அது தெரியும். போனை அணைத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பக்கத்துலயே உக்காருடா. எந்திரிச்சா சட்டையைப் புடிச்சு இழு," என்றாள். எனக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு இப்படி ஒரு பொறுப்பு.

மூன்றாம் வரிசையில் இடம். மாமாவின் நாற்காலி ஆடியது. பாடல்களைப் பற்றிய விளக்கம் அச்சிட்ட தாள் ஒன்றை வாசலில் கொடுத்திருந்தார்கள். அதை எட்டாக மடித்து நாற்காலிக் காலுக்கடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அடுத்த நாற்காலிப் பெரியவருக்கும் ஆடுகிறது என்று என் தாளையும் பிடுங்கிக்கொண்டார். இந்த வினையால் அன்றைக்கு என்ன பாடப்போகிறார்கள் என்று எங்கள் இருவருக்கும் ஒரு வரிகூடத் தெரியாது.

முதல் பாதி முழுக்கப் பழைய பாடல்கள். நானூறு, ஐநூறு வருடத்துக்கு முந்தியவையாம். ஒரு குரல் தொடங்கும், அது பாதி போனதும் இன்னொன்று அதையே பிடிக்கும், பிறகு மூன்றாவது. எனக்கு இரண்டாவது பாட்டிலேயே கண் சொருகியது. மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதுபோல் விழித்திருந்தார். "ஒருத்தர் மூச்சு வாங்குற எடத்துல இன்னொருத்தர் தாங்கிக்கறாங்க மச்சான். எங்கயும் விட்டுப்போகல," என்று என் காதில் சொன்னார். "இந்த ஹால் ஏசி பெல்ட் மட்டும் லேசா உரசுது. பரவால்ல, பொறுத்துக்கலாம்." நான் திடுக்கிட்டு விழித்து, பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினேன். முடியவில்லை. பாடிக்கொண்டிருந்த முப்பது பேரில் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்தாள், என் கூடப் பிறந்தவள்.

இடைவேளையில் திரை ஓரமாக ஒரு கண் தெரிந்தது. மூன்றாம் வரிசையில் இரண்டு தலையும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு மறைந்தது.

இரண்டாம் பாதி அந்தப் புதுப் பாடல். விளக்குகள் அணைந்தன. மேடையில் யாரும் இல்லை. சற்று நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு முனகல் எழுந்தது. தாழ்ந்த, அதிர்கிற முனகல். கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், மறுபடி கூடும்.

மாமா நிமிர்ந்தார்.

"பேரிங் போயிடுச்சு," என்றார்.

"மாமா, பேசாம உக்காருங்க."

"ஏசிக் காத்தை ஊதற ப்ளோயர் பேரிங் மச்சான். கேக்கலையா உனக்கு? இன்னும் பத்து நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சிடும். உங்கக்கா தனியா பாடறப்ப சரியா குறுக்க வந்து நிக்கும்."

சட்டையைப் பிடித்தேன். பொத்தான் ஒன்றுதான் என் கையோடு வந்தது. "அவளுக்காகத்தான் போறேன், ரெண்டே நிமிஷம்," என்று எழுந்துவிட்டார். இருட்டில் எத்தனை பேர் காலை மிதித்தார் என்று தெரியாது. நான் பின்னாலேயே போய் ஒவ்வொருவரையும் இரண்டாவது முறை மிதித்தேன். வாசலில் நின்ற அம்மாள், "வெளிய போனா பாட்டு முடியற வரைக்கும் உள்ள விட மாட்டோம்," என்று மெதுவாகச் சொன்னாள். மாமா காதில் அது விழவில்லை. அவர் காது முழுக்கப் பேரிங்.

மேடைக்குப் பின்னால் ஏசி ரூம். காவலாளி எழுந்தார். மாமா டெஸ்டரைக் காட்டி, "சர்வீஸ்," என்றார். காவலாளி மறுபடி உட்கார்ந்துவிட்டார். உள்ளே போன வேகத்தில் மாமா சுவிட்சை இறக்கினார். பெரிய ப்ளோயர் பெருமூச்சு விட்டுக்கொண்டே நின்றது.

முனகல் நிற்கவில்லை.

மாமா சுவிட்சைப் பார்த்தார். ப்ளோயரைத் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்து ஹாலுக்குக் குளிர்காற்று போகும் பெரிய தகர டக்டில் காதை வைத்தார். அப்போது அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மச்சான்," என்றார். "இது மெஷின் இல்ல."

"பின்ன?"

"மூச்சு வாங்குது."

முப்பது பேரும் ஹாலைச் சுற்றி இருட்டில் நின்று, வாயை மூடிக்கொண்டு, ஒரே சுரத்தை ஒருவருக்கொருவர் மயிரிழை ஏற்றி இறக்கி முனகிக்கொண்டிருந்தார்கள். புதுப் பாடல் அப்படித்தான் தொடங்குகிறது; பிறகு விளக்கு எரிய, பாடியபடியே மேடைக்கு வருவார்கள். நாற்காலிக் காலுக்கடியில் இருந்த தாளில் இதை விவரமாகவே போட்டிருந்தார்களாம்.

"சுவிட்சைத் திருப்பிப் போட்டுட்டு ஓடிடலாம் மாமா."

"போட்டா மோட்டார் ஓட ஆரம்பிக்கறப்ப டம்முன்னு அடிக்கும். பாதிப் பாட்டுல."

ஓடியும் பயனில்லை, கதவு சாத்தியாகிவிட்டது. பதினோரு தடவை ஊருக்காக எழுந்து போன மனிதர், பன்னிரண்டாவது தடவை மனைவிக்காகவே எழுந்து வந்து, மனைவி பாட்டைத் தவறவிடப்போகிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமா டக்டில் சாய்ந்து நின்றார். நானும் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன்.

எட்டுப் பத்து நிமிடம் குரல்கள் ஏறின, மோதின, ஒவ்வொன்றாக அடங்கின. பிறகு ஒன்றுதான் இருந்தது.

சின்ன வயதில் ஒரே அறையில் படித்துத் தூங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் பாட வாயெடுத்தாலே தலையணையை எறிந்திருக்கிறேன். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கனமான, அவசரமே இல்லாத குரல். டக்டுக்குள் எங்களுக்காக மட்டும் வருவதுபோல் அவ்வளவு பக்கத்தில் வந்தது. தலையணை எறிந்ததற்காக அன்றைக்கு வெட்கப்பட்டேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தகரத்தில் கன்னத்தை அழுத்தி, ஒன்றரை நிமிடமும் அசையவில்லை.

கதவு திறந்து நாங்கள் உள்ளே எட்டிப் பார்த்தபோது சனம் வேர்த்து வழிய எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. குழுவை நடத்துகிறவர் கையமர்த்தி, "இந்த ஏசி சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தித் தாங்கன்னு மூணு நாளா கெஞ்சிட்டிருந்தேன். முடியாதுன்னாங்க. இன்னிக்கு சரியான நேரத்துல நிறுத்திக் குடுத்த புண்ணியவானுக்கு நன்றி," என்றார். ஹால் மேனேஜர் எழுந்து நாலாப்பக்கமும் கும்பிட்டார்.

நடைபாதையில் அக்கா வந்தாள். சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேடையிலேர்ந்து பார்த்தேன். ரெண்டு நாற்காலியும் காலி."

"கேட்டேன்," என்றார் மாமா.

அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். ஒரு கன்னம் முழுக்க டக்டின் கருந்தூசி. கண்ணிலிருந்து தாடை வரை அதில் ஒரு கோடு மட்டும் சுத்தமாக இருந்தது.

"என்ன இது?"

"ஏசி இல்லல்ல. வேர்வை."

"வேர்வை கண்ணுலேர்ந்தா வரும்?" சேலைத் தலைப்பால் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தியே. "எங்கயோ நின்னு கேட்டிருக்கீங்க. சந்தோஷம். ஆனா நான் உக்காரச் சொன்னேங்க. எட்டு வரியும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் பாடினேன்."

மாமா அக்கம்பக்கம் பார்த்தார். குளிர்பானக் கடை ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. இழுத்துப் போட்டு, போட்டோவுக்கு உட்காருவதுபோல் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்தார்.

"பாடு," என்றார்.

"எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"உக்காந்திருக்கேன். பாடு."

அக்கா என்னைப் பார்த்தாள். போகிறவர்களைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

மூன்றாவது வரியில் கடை ஃப்ரிட்ஜ் கடகடவென்று உதற ஆரம்பித்தது. எனக்கே தெரிந்தது, அது நல்ல சத்தம் இல்லை. மாமாவின் வலதுகை முழங்காலை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. இடதுகை அதைப் பிடித்து மறுபடி முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டது. எட்டாவது வரி முடிகிறவரை ஃப்ரிட்ஜ் உதறிக்கொண்டே இருந்தது. மாமா உட்கார்ந்தே இருந்தார்.