மகளின் குரலில் வந்த போன்

போன ஆடி மாதம் நடந்தது இது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை டீ நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால், கோவையில் நர்சிங் படிக்கும் என் மகள் அழுகிறாள்.

“அம்மா, வண்டியில ஒருத்தர இடிச்சுட்டேனுங்க. போன் ஒடஞ்சு போச்சு. போலீஸ்ல புடிச்சு வெச்சிருக்காங்க. அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா.”

விக்கி விக்கி அழும் விதம்கூட அவளுடையதுதான். பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் குரல்? பிறகு ஒரு ஆண் பேசினான். கேஸ் இல்லாமல் முடிக்க நாற்பதாயிரம் உடனே அனுப்ப வேண்டும், போனை வைக்கக் கூடாது என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பணம் அனுப்பத் தொகையைத் தட்டினேன்.

என் பக்கத்து டேபிளில் வேலை பார்க்கும் அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கையசைத்தார். எனக்குத் தெரிந்த சைகையில் மகள், வண்டி, போலீஸ், பணம் என்று காட்டினேன். வெடுக்கென்று என் போனைப் பிடுங்கி மேசையில் வைத்தார். தன் போனில் என் மகளுக்கு வீடியோ கால் போட்டார். லீவுக்கு வரும்போதெல்லாம் மகள் அவரிடம் சைகை கற்றுக்கொள்வாள். அதனால் நம்பர் அவரிடம் இருந்தது.

“அவ போன்தான் ஒடஞ்சு போச்சுங்களே அக்கா!” என்று கத்தினேன். அவருக்குக் கேட்காது என்பதே மறந்துவிட்டது.

நாலு ரிங் போயிருக்கும். திரையில் மகள் வந்தாள். காலேஜ் கேன்டீன், கையில் பாதி சமோசா.

“ஏனுங்கம்மா அழுகறீங்க? என்னாச்சுங்க?”

அதே நொடி, மேசைமேல் கிடந்த என் போனிலிருந்து அதே குரல் “அம்மா, அம்மா” என்று கதறிக்கொண்டிருந்தது. ஒரே மகள், இரண்டு குரல்! அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பார்த்தேன்; நல்லவேளை, பணம் இன்னும் போயிருக்கவில்லை.

சாயங்காலம் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தோம். இணையத்தில் போட்ட சின்ன வீடியோ ஒன்று கிடைத்தால் போதும், செயற்கை நுண்ணறிவை வைத்து யார் குரலையும் போலியாகச் செய்துவிடலாம் என்றார்கள். காலேஜ் விழாவில் பேசிய வீடியோவை மகள் போட்டிருந்தாள்.

மறுநாள் அக்காவிடம், எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டேன். சந்தேகமெல்லாம் இல்லை, பிள்ளைக்கு ஒன்று என்றால் முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டாமா என்று சைகையில் காட்டிவிட்டு, துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது யார் அழுது கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு, என்னிடம் இருக்கும் நம்பரில் நானே திரும்பக் கூப்பிடுகிறேன். பெற்ற என்னையே ஏமாற்றிய அந்தக் குரல் அக்காவிடம் மட்டும் செல்லாமல் போனதை நினைத்தால், இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.