முதல் பாத்தியின் எண்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் அதிகமோ என்று சொம்பைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளிடம், 2005-ல், வீட்டுக் கம்ப்யூட்டர் "வகை பொருந்தவில்லை" என்று ஒரு பிழையைக் காட்டினால் யாரைச் சந்தேகிப்பேன்? அண்ணியைத்தான்.

காரணம் இருந்தது. ஆரோவில் போகிற வழியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று. நானே எழுதிய விளையாட்டைத் திங்கட்கிழமை அங்கே ஓட்டிக் காட்டினால் வேலை. ஓடாவிட்டால் செவ்வாய்க்கிழமை பெருமுக்கல்லிலிருந்து பெண் பார்க்க வருவார்கள். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வரனைக் கொண்டுவந்ததே அண்ணிதான். வாரம் முழுக்க ஃபோனில் குசுகுசு வேறு. நான் உள்ளே வந்தால், "சரிங்க, வச்சிடறேன்" என்று வைத்துவிடுவார்.

விளையாட்டு இதுதான்: மழை வருவதற்குள் உப்பளத்தில் பாத்தி பாத்தியாக உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். எந்தப் பாத்தியில் எத்தனை மூட்டை தேறும் என்று எனக்கென்ன தெரியும்? அண்ணி உப்பளக்காரர் வீட்டுப் பெண். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒரு ஃபைலில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். அதை என் புரோகிராம் ஓர் அர்ரேயில் வாங்கிக்கொள்ளும். அர்ரே என்றால் வரிசையாக அறைகள், அறைக்கு ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த உப்பு. நான் சும்மா போட்ட எண்களுக்கு அழகாக ஓடியது. அண்ணியின் ஃபைலைக் கொடுத்ததும் கூட்டுகிற வரியில், வகை பொருந்தவில்லை என்று படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதலில் நான் எழுதியதையே குடைந்தேன். எல்லா அறையையும் எண் வகையிலிருந்து எழுத்து வகையாக மாற்றிப் பார்த்தேன். பிழை போனது. ஆனால் சோதனைக்குக் கடைசி இரண்டு பாத்தியை மட்டும் கூட்டச் சொன்னால், பன்னிரண்டையும் பதினைந்தையும் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து மூட்டை என்றது. அடப்பாவி, இரண்டு பாத்தியிலா! பழையபடி மாற்றிவிட்டு, ஒவ்வோர் அறையிலும் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டச் சொன்னேன். முதல் அறையிலேயே அகப்பட்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில், சாமி என்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணி! வேணும்னுதானே பண்ணீங்க?"

மீன் கழுவிய கையோடு வந்து திரையைப் பார்த்தார். "ஏன், சரியாத்தானே இருக்குது? மொத பாத்தி உப்பு சாமிக்கு. அத யாராவது அளப்பாங்களா? எங்க வீட்ல வாயால கூட இத்தனைன்னு சொல்ல மாட்டோம்."

"கம்ப்யூட்டருக்கு நம்பர்தான் புரியும் அண்ணி. சைபர்னு போட்டுக்கறேன்."

"ஐயய்யோ! சாமிக்கு ஒண்ணுமில்லன்னா போடுவ? வெளங்கிடும்!"

முகத்தில் கள்ளம் இல்லை என்றுதான் பட்டது. ஆனாலும் முழுசாக நம்ப எனக்கு மனசு ஒப்பவில்லை. சைபர் போடவும் மனசு வரவில்லை. சாமி பாத்தியை அர்ரேயிலிருந்து எடுத்து, தனிப் பெயர் கொடுத்து, எழுத்து வகையாகவே வைத்தேன். அர்ரேயில் எண்கள் மட்டும் மிஞ்சின. விளையாட்டு ஓடியது.

திங்கட்கிழமை வேலை கிடைத்துவிட்டது. வர வேண்டாம் என்று சொல்ல, சாயங்காலம் அண்ணன் பெருமுக்கல்லுக்கு ஃபோன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"நீ போன வாரமே வேணாம்னுட்டியாமே?"

அந்தக் குசுகுசு அதுதான்.

"ஆமா, சொல்லிட்டேன்" என்றார் அண்ணி. "நீங்க சொன்னீங்கன்னுதான் அந்த வரனக் கொண்டாந்தேன். அப்புறம் இவ ராப்பகலா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறதப் பாத்தேன். அது ஓடுனாலும் சரி, ஓடலன்னாலும் சரி, இவளப் படிச்ச வேலைக்கு விட்டுடணும்னு தோணுச்சு."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மெதுவாகச் சொன்னார்: "என்னப் பொண்ணு பாக்க நீங்க வந்தப்போ, எனக்கு அப்பிடிச் சொல்ல ஒருத்தரும் இல்ல."

அண்ணன் ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.