சிவப்பு மேலங்கியும் பத்தொன்பதாவது ஆளும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் டாரபூலில் பேச்சு இரண்டே இரண்டு. மழை வருமா, ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஊர் அணி தேறுமா? மழை தன் பாட்டுக்கு வராமல் இருந்துவிடும். ஆகவே முழுப் பேச்சும் அணியின் தலையில்தான் விழும். ஆறு வருஷமாக டாரபூல் பருவத்தின் முதல் ஆட்டத்தை ஜெயித்ததில்லை. அந்த வருஷம் போதாக்குறைக்கு லீக்காரர்கள் ஒரு புதுச் சட்டத்தையும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

சட்டம் இதுதான். வழக்கம்போல் மைதானத்தில் பதினெட்டுப் பேர், பெஞ்சில் நாலு பேர். அந்த நாலு பேர் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வெளியே போய்வரலாம். இனிமேல் ஐந்தாவதாக ஒருவன் பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு காத்திருப்பான். அவன் உள்ளே போனால், அவனுக்கு இடம்விட்டவன் சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். அன்றைக்கு அவன் கதை முடிந்தது.

"யாரு முதல்ல சிவப்பு போடப்போறாங்கறதுல சந்தேகமே இல்ல," என்றாள் பேக்கரி ஷெரில், இறைச்சி அடைத்த பை ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. "உன் புருஷன்தான், ரேலீன். நாப்பத்தியொண்ணு ஆச்சு. அவன் குனிஞ்சு பந்தை எடுக்கறதுக்குள்ள நான் ஒரு தட்டு ரொட்டி சுட்டுடுவேன்."

"அதை நீ அவன்கிட்டயே சொல்லேன், ஷெரில்."

"ஐயோ, வேண்டாம்மா. எனக்கு வியாபாரம் நடக்கணும்."

ரேலீன் பாஸ்கோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றி, கண்ணாடியில் தலை எண்ணிவிட்டுத்தான் கியர் போடுவாள். ஒருநாள் எண்ணிக்கை முப்பத்திரண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டிக் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்தால், பள்ளிச் சட்டை மாட்டிய ஆட்டுக்குட்டி ஒன்று ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பெல்ட்டும் போட்டிருந்ததாம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ரேலீன் மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு எண்ணிக்கை சிரிக்கிற சங்கதி இல்லை.

சனிக்கிழமைகளில் அவள் டாரபூல் பெஞ்சின் காவல். புல்லில் இரண்டு வெள்ளைக் கோடு, அதுதான் வாசல். ஒருவன் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் இன்னொருவன் உள்ளே காலெடுத்து வைக்கலாம். பதினாலு வருஷத்தில் அவளைத் தாண்டி ஒரு கால் தப்பாகப் போனதில்லை. போயிருந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். எதிரணிக் காப்டன் கையைத் தூக்கி "எண்ணுங்க" என்று கேட்டு, பத்தொன்பது பேர் இருப்பது தெரிந்தால், அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் அழிந்து சுழியாகிவிடும். அவளுடைய அப்பா காலத்தில் பக்கத்து ஊரில் அப்படி ஒரு தடவை நடந்தது. அந்தப் பெஞ்சுக் காவல்காரன் அதற்குப் பிறகு டாஸ்மேனியாவுக்கே குடிபெயர்ந்துவிட்டான் என்பார்கள்.

வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் டாரில் பாஸ்கோ வேலிக்கம்பியில் சாய்ந்துகொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"எனக்குச் சிவப்பு மேலங்கி போட்டா, நான் அதைக் கழட்டி எறிஞ்சிட்டுத் திரும்ப உள்ள ஓடுவேன். எவன் பிடிச்சு இழுக்கறான்னு பாக்கறேன்."

"நான் இழுப்பேன்," என்றாள் ரேலீன்.

"நீயா? வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுக்கவே என்னைக் கூப்பிடுவ."

பையன்கள் சிரித்தார்கள். ரேலீனும் சிரித்தாள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறாள். வீம்புக்கு நாலு நாள் வெந்நீர் இல்லாமல் குளித்தவன் அவன். அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு மெரிங்காப் ஊர் அணி வந்து இறங்கியது. மைதானத்தைச் சுற்றி வேலியோரமாகக் கார்கள் மூக்கை உள்பக்கம் நீட்டி நின்றன. டாரபூல் ஒரு கோல் போட்டால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் அலறும். அந்தச் சத்தத்தில் கோதுமைக் கிடங்கின் மேலிருந்த வெள்ளைக் கிளிகள் எழும்பி மூன்று ஊர் தாண்டித்தான் இறங்கின.

ஆட்டம் மொத்தம் நாலு கட்டம்; மூன்றாவது கட்டத்தின் நடுவில் பயிற்சியாளர் வேய்ன் விரலை ஆட்டினார். "டாரில் வெளிய. பச்சை உள்ள."

டாரில் நடந்து வந்தான். முகம் செங்கல் மாதிரி இருந்தது. ரேலீன் சிவப்பு மேலங்கியை நீட்டினாள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான். அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புதுச் சட்டத்தோடு புதுப் படிவம் ஒன்றும் வந்திருந்தது. யார் போனார், யார் வந்தார், எத்தனையாவது நிமிஷம், என்ன காரணம், எல்லாம் மூன்று பிரதியில். ரேலீன் மடியில் அட்டையை வைத்துக் குனிந்து எழுதினாள். பேனா மக்கர் பண்ணியது. பெஞ்சில் பையன்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். டாரில்தான் வாய் திறந்து சொன்னான்: "ஷேன் வந்தாச்சு. ஹாமிஷ் உள்ள போறான்." அவள் தலை நிமிராமலே சீட்டில் குறித்தாள்.

நாலாவது கட்டம். டாரபூல் நாலு புள்ளி முன்னால். இன்னும் பத்து நிமிஷம். ரேலீன் நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தாள். மாற்று ஆட்கள் நாலு பேரும் இருந்தார்கள். கோடி இடம் காலி. சிவப்பு மேலங்கி மட்டும் பெஞ்சில் சுருண்டு கிடந்தது.

"டாரில் எங்க?"

"தெரியலையே," என்றான் ஷேன், வாயில் ஆரஞ்சுச் சுளையோடு.

அவள் மைதானத்தைப் பார்த்தாள். சாய்ந்த வெயில் கண்ணில் குத்தியது. தூரத்தில், கோல் கம்பங்களுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் ஓடினான். தலையில் அடிபடாமலிருக்கப் போடுகிற மெத்தைத் தொப்பி. முதுகில் இருபத்திரண்டு. டாரிலின் எண்.

ரேலீன் அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். பாவி மனுஷன்! சொன்னபடியே செய்துவிட்டான். அவள் எண்ணத் தொடங்கினாள். பேருந்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஒருத்தனாவது நின்றால்தானே! ஒரு தடவை பதினேழு வந்தது, இன்னொரு தடவை இருபது. மெரிங்காப்காரன் ஒருவனையும் சேர்த்து எண்ணிவிட்டாள் போலிருக்கிறது.

கூப்பிட்டு வெளியே இழுக்கலாம் என்று அவள் கோட்டை நோக்கி ஓடும்போதே, மெரிங்காப் காப்டன் கிரெய்க் டோலன் கையைத் தூக்கிவிட்டான்.

"நடுவரே! எண்ணிப் பாக்கணும்! அந்த இருபத்திரண்டாம் நம்பர் சிவப்பு மேலங்கி போட்டு வெளிய போனவன். நானே பாத்தேன்!"

விசில் ஒலித்தது. மைதானமே அடங்கிப்போனது. காரில் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட நிறுத்திவிட்டது. டாரபூல் ஆட்கள் நடு மைதானத்தில் வரிசையாக வந்து நின்றார்கள்.

ரேலீன் வெள்ளைக் கோட்டின் மேல் நின்றாள். அறுபத்தெட்டுப் புள்ளி. அத்தனையும் அழியப்போகிறது. அதை அழித்தது டாரில் இல்லை, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த தன் கண்தான். பதினாலு வருஷமும் இந்த ஒரு நாளாகச் சுருங்கிவிடும். ஷெரில் ஒன்றும் சொல்லமாட்டாள், பை ரொட்டியை மட்டும் பேசாமல் சுற்றிக் கொடுப்பாள். அதைத்தான் தாங்க முடியாது. டாஸ்மேனியாவில் பள்ளிப் பேருந்து ஓடுமா என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

நடுவர் ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். "பதினாலு. பதினஞ்சு. பதினாறு." இருபத்திரண்டாம் எண்காரன் வரிசையின் கடைசியில் நின்றான். "பதினேழு." நடுவரின் கை அவன் தோளில் விழுந்தது. "பதினெட்டு."

அதற்கு மேல் தோள் இல்லை.

"இருங்க, இருங்க," என்றான் கிரெய்க். "ஆள் எண்ணிக்கை சரியா இருக்கட்டும். இவன் டாரில்! உள்ளயே வரக்கூடாது!"

"தம்பி, தொப்பியைக் கழட்டு," என்றார் நடுவர்.

அவன் கழற்றினான். உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று ஒரு தலைமுடிக் காடு எழும்பி நின்றது. பத்தொன்பது வயசு ஹாமிஷ். டாரிலின் தலையோ பத்து வருஷமாகக் கவிழ்த்த கிண்ணம்.

"டாரிலுக்கு முடி முளைச்சிடுச்சு டோய்!" என்று காரிலிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது.

"இவன் சட்டை கழுத்திலேர்ந்து இடுப்பு வரைக்கும் கிழிஞ்சுபோச்சு," என்றார் நடுவர். "டாரில் தன் சட்டையைக் கழட்டிக் குடுத்தார். ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க. எண்ணிக்கை சரி. கேட்டது தப்பு. டாரபூலுக்குப் பந்து, அதோட அம்பது மீட்டர்."

அநியாயமாக எண்ணச் சொன்னால் அதற்குத் தண்டனை அதுதான். டாரபூல் காப்டன் ஐம்பது மீட்டர் முன்னால் நடந்து, நிதானமாக நின்று உதைத்தான். பந்து இரண்டு உயரக் கம்பங்களுக்கும் நடுவே போனது. ஆறு புள்ளி. ஹாரன்கள் அலறின.

ரேலீன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், என்னாச்சு?"

டாரில் நின்றான், யாருடையதோ ஒரு கம்பளிக் கோட்டில், இரண்டு கையிலும் தேநீரோடு. பின்னாலிருந்து அவனை யாரோ "இன்னும் ரெண்டு மாட்டிறைச்சி உருண்டை இருக்கு, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடா போன?"

"கான்டீன் பின்னால, அடுப்புப் பக்கம். சட்டையைக் குடுத்துட்டேன், குளிருது. சட்டை இல்லாம மேலங்கி எதுக்குன்னு கழட்டி வெச்சிட்டுப் போனேன்."

"நீ திரும்ப உள்ள ஓடிட்டேன்னு நினைச்சேன்."

"ஓடறதா?" அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் சடசடவென்று சத்தம் போட்டன. குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லாத. வேய்ன் விரலை ஆட்டினப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல. போன வருஷமே முட்டி போயிடுச்சு. நானா வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சட்டம்னு ஒண்ணு வந்து உக்கார வெச்சுது. நல்லாயிருக்கட்டும்."

"அப்ப அந்த மூஞ்சி?"

"சிரிச்சா மானம் போயிடாதா?"

ரேலீன் அவன் தோளில் ஒரு அறை விட்டாள். பிறகு அந்தத் தோளிலேயே தலையைச் சாய்த்து, ஆட்டம் முடிந்து சைரன் ஊதும்வரை அப்படியே இருந்தாள். டாரபூல் ஒன்பது புள்ளியில் ஜெயித்தது. கிரெய்க் டோலன் வந்து கை கொடுத்தான், தலையைச் சொறிந்துகொண்டான்.

"சும்மா ஒரு சந்தேகம்தான், ரேலீன். நீ காவல் நிக்கிற பெஞ்சுன்னு யோசிச்சிருக்கணும்."

"யோசிச்சிருக்கணும்தான், கிரெய்க்," என்றாள் அவள், முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

அவன் போனதும் படிவத்தின் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். முதல் பிரதியில் எழுத்து கோணிக்கொண்டு போனது. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதில் எழுத்து அச்சாக விழுந்தது.